பழைய காரும் புதிய வேகமும்



இரவு பத்து மணிக்கு மேல், லயத்து வீடுகளில் விளக்கெல்லாம் அணைந்த பிறகு, தோட்டச் சாலையின் முனையில் ஒரு கார் உறுமிக்கொண்டு வருகிறது. நாய்கள் குரைக்கின்றன. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்து அழுகிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் புரண்டு படுத்து, "இன்னார் மகன் வந்துவிட்டான்" என்று முணுமுணுக்கிறார்கள். அந்த இன்னாரின் மனைவியோ, பையன் வீடு வந்து சேர்ந்தானே என்று அப்போதுதான் கண்ணை மூடுகிறாள்.

இக்காட்சி நம்மில் பலருக்குப் புதிதன்று. தோட்டத்திலும் அதை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் தொழிற்சாலைச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் பழைய கார் ஒன்றை வாங்கி, அதற்கு வேகம் ஏற்றுவதில் பணத்தைச் செலவிடுகிறார்கள். பெற்றோருக்கு இது புரிவதில்லை. "என்னதான் செய்கிறான், எவ்வளவு போட்டாலும் போதவில்லையே" என்கிறார்கள். ஆகவே இன்று நாம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பிள்ளைகளை ஏசுவது நம் நோக்கமன்று. இயந்திரத்தின் மேல் ஆசை வைத்து, அந்த ஆசையாலேயே தொழில் கற்று, நல்ல போர்மேனாக உயர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளை நாம் அறிவோம். பணம் எங்கே போகிறது, எது பயன், எது ஆபத்து என்பது அப்பா அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும் என்பதே நம் எண்ணம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். தாப்பாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டம். தந்தை குலை வெட்டுகிறவர். தாய் வெளிக்காட்டு வேலை. மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய சத்ரியா ஜிடிஐ கார் ஒன்றை வாங்கினான். பணம் போதாமல் தாயின் காப்பு இரண்டு அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்தக் காரைப் பற்றிச் சில வார்த்தைகள். புரோட்டோன் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று கதவுக் கார் அது. இஞ்சின் மிட்சுபிஷியினுடையது, 1,834 சிசி, பதினாறு வால்வு, சுமார் 140 குதிரைத்திறன். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1996இல் புரோட்டோனின் கைக்கு வந்திருந்தது. சாலையைப் பற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்படி அக்காரைப் பக்குவப்படுத்தியவர்கள் அந்த லோட்டஸ் பொறியாளர்களே. இன்று கிடைப்பவை எல்லாம் இருபது வயதைத் தாண்டியவை. ஆனாலும் இளைஞர்களுக்கு அதன் மேல் மோகம் குறையவில்லை. நாமும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறோம். மோகம் வருவதில் வியப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இஞ்சினுக்கு டர்போ கிடையாது. தானாகவே மூச்சு விடும் இஞ்சின் இது. டர்போ உள்ள இஞ்சினில், கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல ஒரு காற்றாடி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. டர்போ இல்லாத இஞ்சினில் தள்ளிவிட யாரும் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது, ஊசி மருந்துக் குழாயின் தண்டை இழுத்தால் மருந்து ஏறுவதைப் போல, வெளியிலுள்ள காற்று தானே உள்ளே பாய்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது அல்லவா? உள்ளே தள்ளும் கை அந்த அழுத்தம் ஒன்றுதான். அதற்கு மேல் ஒரு பலமும் இல்லை.

எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் பார்ப்போம். இஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் நான்கு சிலிண்டரும் ஒருமுறை நிறைந்து காலியாகும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,500 முறை. ஒரு முறைக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். முழுவதும் நிறைவதாக வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 2,750 லிட்டர் காற்று. நாம் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயில் ஏறத்தாழ பதினான்கு பீப்பாய். 6,000 சுற்றில் இருபத்தேழு பீப்பாய்! ஒரு கிலோ பெட்ரோல் முற்றாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய மட்டும் ஊற்றிவிடலாம், காற்றுக்குத்தான் தட்டுப்பாடு. காற்றில்லாமல் அதிகப் பெட்ரோல் ஊற்றினால் கரும்புகைதான் வரும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் இதை நேரிலேயே காணலாம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மலைக்காற்றின் குளிர்ச்சி கொஞ்சம் ஈடு செய்தாலும், கீழே சிட்டாகப் பறந்த கார் மேலே போகப் போகச் சோர்ந்துவிடும்.

அப்படியானால் டர்போ இல்லாமல் திறனைக் கூட்டவே முடியாதா? முடியும். ஒரே நிமிடத்தில் அதிக முறை மூச்சு விட வைக்கலாம். 1997இல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட சிவிக் டைப்-ஆர் காரின் 1.6 லிட்டர் இஞ்சின், டர்போ இல்லாமலே 185 குதிரைத்திறன் தந்தது. எப்படி? நிமிடத்துக்கு 8,200 சுற்று சுற்றித்தான். அதற்கென்றே தனிப்பட்ட கேம் ஷாப்ட், கெட்டியான ஸ்ப்ரிங், உள்ளே காற்று போகும் வழியைக் கையால் தேய்த்து மெருகிடுதல் என்று எத்தனையோ வேலைகள். ஆனால் அதே இஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது அத்திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வெளிவரும். நேயர்களே, நம் பிள்ளைகள் வேலைக்கும் கடைக்கும் போகும் சாலையில் இஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது? இரண்டாயிரம், மூவாயிரம். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதுவும் இல்லை. பந்தயத் திடலுக்கு ஏற்ற கேம் ஷாப்டைப் போட்டுவிட்டுச் சாலையில் ஓட்டினால், சந்திப்பில் நிற்கும்போது கார் குலுங்கும், மேட்டில் இழுக்காது, பெட்ரோலும் குடிக்கும். உயரத்தில் கிடைக்கும் திறனுக்குப் பள்ளத்தில் விலை கொடுக்கிறோம்.

நம் இளைஞன் செய்தது என்ன? முதல் மாதமே, அகன்ற வாய் எக்சோஸ் ஒன்றைப் போட்டான். அடுத்த மாதம் காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவத்தில் சிவப்பு வடிகட்டி ஒன்றை இஞ்சினுக்குப் பக்கத்தில் மாட்டினான். "இருபது குதிரை கூடும்" என்று பட்டறையில் சொன்னார்களாம். இரண்டுக்குமாகச் சேர்ந்து இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று. சத்தம் கூடியது. வேகம்?

நாம் பார்க்கப் போன அன்று அவன் சற்று வெட்கத்தோடுதான் சொன்னான்: "அண்ணே, முன்னே மூணாவது கியர்ல ஏறின மேடு, இப்ப ரெண்டாவதுக்குப் போட வேண்டியிருக்கு."

இதில் மாயம் ஒன்றுமில்லை. இஞ்சின் அறையின் சூட்டுக் காற்றைத்தான் அந்தச் சிவப்பு வடிகட்டி இழுத்துக்கொண்டிருந்தது. காற்றின் சூடு மூன்று பாகை கூடினால் அதன் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு குறையும். வெளியே 33 பாகை. மூடியின் கீழே 60 பாகை என்றால் நூற்றுக்கு எட்டுப் பங்கு காற்று நஷ்டம். கழற்றி எறிந்த பெட்டி அசிங்கமாக இருக்கலாம். ஆனால் அது முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுத்துக்கொடுக்கத்தான் செய்யப்பட்டது. எக்சோஸ் கதையும் அதுபோலத்தான். புகை வெளியேறும் குழாய் குறுகலாக இருந்தால் இஞ்சின் திணறும், உண்மை. அளவுக்கு மீறி அகன்றிருந்தாலோ, குறைந்த சுற்றில் புகையின் ஓட்டம் மந்தமாகி, அடுத்த மூச்சை இழுத்துவிடும் உதவி போய்விடும். காது ஏமாற்றும், நேயர்களே. சத்தம் இரண்டு மடங்கானால் வேகமும் கூடியதாகவே ஓட்டுகிறவனுக்குத் தோன்றும்.

அவன் பிளக்குகளைக் கழற்றச் சொன்னோம். நான்கில் ஒன்று எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்கள் வெடித்திருந்தன. திராட்டில் வாயில் கரி ஒட்டிக்கிடந்தது. ரேடியேட்டரைத் திறந்தால் செம்மண் ஆற்றுத் தண்ணீரைப் போலத் துரு. யாரோ பல ஆண்டுகளாக வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அது ரப்பர் பட்டை. ஓடும்போது அறுந்தால், பல இஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வை அடித்து வளைத்துவிடும், இஞ்சினே போய்விடும். 140 குதிரை என்பது கார் பிறந்த அன்றைய கணக்கு. இருபது ஆண்டு வெயிலிலும் மழையிலும் எத்தனையோ குதிரைகள் ஓடிப்போயிருக்கும். அவற்றைத் திரும்பப் பிடித்து வருவதுதான் மிகவும் மலிவான வேகம். பிளக், ஒயர், பெல்ட், சுத்தமான வடிகட்டி, கூலண்ட், நான்கு சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்ப்பது, இவ்வளவும் அவன் எக்சோஸுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுத் தலையை ஆட்டினான். ஆனால் செய்வதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

பள்ளி விடுமுறையில் ஒருநாள், அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனான். தேயிலைத் தோட்டம் பார்த்தார்கள், காய்கறி வாங்கினார்கள். மாலையில் தாப்பா வழியே இறங்கினார்கள். நமக்குத் தெரியும், அது வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும் சாலை. பையன் நான்காவது கியரிலேயே போட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தான். பாதி வழியில் ஏதோ தீய்ந்த வாடை. அடுத்த வளைவில் மிதித்தபோது, பெடல் பஞ்சைப் போல அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது.

நல்லவேளை, பையனுக்குச் சமயோசிதம் இருந்தது. மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்துக் கால்வாயில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினான். மறுபக்கம் பள்ளத்தாக்கு. யாருக்கும் காயமில்லை. முன்பக்கம் நசுங்கியது, தக்காளியெல்லாம் சிதறியது. அந்தத் தாய் பத்து நிமிடம் வாய் திறக்கவில்லையாம்.

என்ன நேர்ந்தது? ஆளும் மூட்டையுமாக 1,300 கிலோ எடையுள்ள காரை 1,300 மீட்டர் உயரத்திலிருந்து இறக்குகிறோம் என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதையும் சூடாக மாற்றினால் ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். தாழ்ந்த கியரில் வந்தால் இஞ்சின் அதில் ஒரு பங்கைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரில் வந்தால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகோ, 155 பாகையே அதற்குரிய கணக்கு. கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் சக்கரத்துக்குப் பலம் போகும், குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். அதுதான் பஞ்சு போன்ற பெடல். நம் நாட்டு ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். அவன் காரிலிருந்த எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தது. மாற்றுவதற்குச் சில பத்து வெள்ளிகள்தான் ஆகும். இரண்டாயிரம் வெள்ளி எக்சோஸை மாட்டிய காரில் அந்தச் சில பத்து வெள்ளி வேலை நடக்கவில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதனால்தான் வேலை தெரிந்தவர்கள், காரைத் திருத்த வேண்டுமானால் முதலில் டயர், பிறகு பிரேக், பிறகு அப்சார்பர், இஞ்சின் கடைசி என்பார்கள். அகலத்தில் உள்ளங்கை அளவே வரும் நான்கு ரப்பர்த் துண்டுகள்தான் காரைச் சாலையோடு பிடித்து வைத்திருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாமல், தாய்மார்களும்கூட வாசலில் நிற்கும் காரில் இதைக் குனிந்து படித்துப் பார்க்கலாம். ஐந்தாறு ஆண்டு கடந்த ரப்பர் இறுகிவிடும். மழையில் பிடிப்பு இராது. ரப்பரைப் பற்றிப் பால்மரம் சீவியவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

இன்னொரு பழக்கம், காரைத் தாழ்த்துவதற்காக ஸ்ப்ரிங்கை அரத்தால் வெட்டுவது. இதைப்போல அறிவற்ற வேலை வேறில்லை. வெட்டிய ஸ்ப்ரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. அப்சார்பரின் நீளத்துக்கும் பொருந்தாது. பள்ளத்தில் விழுந்தால் அடியில் முட்டும். குலை லாரி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தோட்டச் சாலையில் அப்படிப்பட்ட கார் எத்தனை நாள் தாங்கும்? இஞ்சின் எண்ணெய்த் தொட்டியில் ஒரு கல் பட்டு உடைந்தால், எண்ணெய் வடிந்து இஞ்சின் இறுகிவிடும். தாழ்த்தத்தான் வேண்டுமென்றால், அந்தக் காருக்கென்றே செய்த ஸ்ப்ரிங்கும் அதற்கேற்ற அப்சார்பரும் வாங்கி, பிறகு சக்கர நேர்ப்பு பார்க்க வேண்டும். புதிய நல்ல அப்சார்பர் போட்ட பழைய சத்ரியா, இஞ்சினில் ஒன்றும் செய்யாமலே வளைவுகளில் வேகமாகும். லோட்டஸ்காரர்கள் பட்ட பாடு அப்போதுதான் விளங்கும்.

இவையெல்லாம் செய்து முடித்த பிறகும் ஆசை அடங்காவிட்டால், இஞ்சினுக்குக் கொஞ்சம் செய்யலாம். நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் எக்சோஸ் மேனிபோல்டு சாலைக்கு ஏற்றது. நடுச் சுற்றில் இழுவை தரும். நான்கும் நேரே ஒன்றாவது உச்சச் சுற்றுக்குத்தான் நல்லது. கணினியைத் திருத்தி, பெட்ரோல் அளவையும் பொறி விழும் நேரத்தையும் சரிசெய்யலாம். ஆனால் அளவுகருவி வைத்துப் பார்ப்பவரிடம் மட்டுமே போக வேண்டும். பொறி முன்னதாக விழுந்தால் இஞ்சின் உள்ளே சுத்தியல் தட்டுவதுபோல் ஒலிக்கும். அந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டன் உடையும். அழுத்தம் கூட்டிய இஞ்சினுக்கு ரோன் 97 பெட்ரோல் தேவைப்படலாம். மாதச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 1.3 லிட்டர் காரை வாங்கி, ஹாஃப்-கட் கடையில் பெரிய இஞ்சின் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரம் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். தீபகற்பத்தில் 1.3 லிட்டர் தனியார் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 70 வெள்ளி. 1,834 சிசிக்கு 297 வெள்ளி. இந்த வித்தியாசத்துக்குப் பயந்து மறைத்து ஓட்டி, விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அப்போது நஷ்டம் சில நூறு வெள்ளியோடு நிற்குமா? சத்தம் போடும் எக்சோஸுக்குத் தனியே சம்மன் வரும். முழு வேகத்தையும் பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் திடல் இருக்கிறது. கட்டணம் செலுத்திச் சொந்தக் காரையே ஓட்ட அங்கே நாட்கள் ஒதுக்குகிறார்கள்.

தாப்பாக் குடும்பத்துக்கு வருவோம். காரை விற்றுவிடுவான் என்று நினைத்தோம், விற்கவில்லை. தாயும் விற்கச் சொல்லவில்லை. "ஆசைப்பட்டு வாங்கினான், ஐயா. ஒழுங்கா வச்சிக்கட்டும்" என்றார். அகன்ற எக்சோஸையும் சிவப்பு வடிகட்டியையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பழையவற்றையே மாட்டினான். கிடைத்த பணத்தில் பெல்ட்டும் பிளக்கும் டயரும் வாங்கினான். பிரேக் எண்ணெயை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்தே மாற்றினார்கள். தங்கை உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அண்ணன் சக்கரத்தடியில் கிடந்து ஆணியைத் திறந்து மூட, காப்பி நிற எண்ணெய் போய்த் தெளிந்த எண்ணெய் வரும் வரை நாமும் பக்கத்தில் நின்றோம். பழைய மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறதாம். காப்பு இரண்டில் ஒன்று மீட்டாகிவிட்டது.

சென்ற மாதம் அந்தத் தாயைச் சந்தையில் பார்த்தோம். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஐயா. முன்னேயெல்லாம் அரை மைலுக்கு அப்பாலேயே சத்தம் கேட்கும், பையன் வந்துட்டான்னு தூங்கிடுவேன். இப்ப கதவைத் திறக்கிற வரைக்கும் தெரியமாட்டேங்குது" என்றார்.